நோக்கியா 1100: வைத்துக்கொள்ளலாமா, மாற்றலாமா?

கேள்வி: குலசேகரம் அருகே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் அப்பாவிடம் நோக்கியா 1100 இருக்கிறது. டார்ச், பட்டன் எல்லாம் நன்றாக உள்ளன. ஆனால் சார்ஜ் அரை நாளில் இறங்கிவிடுகிறது. பேங்க் ஓடிபி வருவதில்லை. ஜியோ சிம் போட்டால் சரியாகுமா?

பதில்: ஜியோ சிம் போட்டால் இப்போது கிடைக்கும் சிக்னலும் போய்விடும். ஜியோவுக்கு 2ஜி (பழைய தலைமுறை நெட்வொர்க்) சேவையே இல்லை. 2003-ல் வந்த 1100-க்கு 2ஜி தவிர வேறு எதுவும் தெரியாது. ஆகவே 2ஜி தரும் சிம்மிலேயே இருங்கள். எந்த கம்பெனி என்பதைத் தோட்டத்துக்குள் நின்று, வேறொருவர் போனை 2ஜி-க்கு மட்டும் மாற்றிப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஜங்ஷனில் முழு சிக்னல் காட்டும் சிம், மரக்கூட்டத்துக்கு நடுவே செத்துப்போகும்.

ஓடிபி வராததற்குப் பெரும்பாலும் நெட்வொர்க் காரணமல்ல. இந்த போனில் சுமார் 50 குறுஞ்செய்திகள்தான் நிற்கும். நிறைந்ததும் திரையில் கவர் படம் விட்டுவிட்டு மின்னும். பழையதை அழிக்கும்வரை புதியது உள்ளே வராது. தமிழில் வரும் விளம்பரச் செய்திகள் இடத்தை இன்னும் வேகமாகத் தின்னும். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70 தான். ஒரே விளம்பரம் மூன்று நான்கு துண்டாக வந்து உட்கார்ந்துகொள்ளும். திரையில் வெறும் கட்டம் கட்டமாகத் தெரிவது அதுதான். வாரம் ஒருமுறை இன்பாக்ஸை முழுதாக அழித்தால் போதும்.

அடுத்தது பேட்டரி. இதில் போடுவது பிஎல்-5சி, 3.7 வோல்ட். கழற்றி கண்ணாடி மேல் படுக்கவைத்துச் சுழற்றுங்கள். பம்பரம்போல் சுற்றினால் உப்பிவிட்டது. குத்தவோ அழுத்தவோ வேண்டாம், அதை மறுபடி சார்ஜில் போடவும் வேண்டாம். உப்பவில்லை என்றால் மல்டிமீட்டரில் பாருங்கள்: முழு சார்ஜில் 4.1 முதல் 4.2 வோல்ட் காட்டவேண்டும். முழுதாகக் காட்டியும் ஒரு கால் பேசியதும் அணைந்துபோனால் உள்ளே தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். புதிது வாங்கும்போது ஒரு கணக்கு: இந்த அளவுப் பெட்டிக்குள் நோக்கியாவே கொடுத்தது 850, பிறகு 1020 எம்ஏஎச் (சார்ஜ் கொள்ளும் அளவு). கடையில் 1800, 2500 என்று அச்சடித்திருப்பதைத் தொடாதீர்கள். எஃப்எம் ரேடியோவில் வரும் மலிவு பிஎல்-5சியும் வேண்டாம்.

பேட்டரி மாற்றியும் போன் திடீரென்று அணைந்தால், பேட்டரி உட்காரும் இடத்தில் உள்ள ஸ்பிரிங் பின்களைப் பாருங்கள். பால் உறைய ஊற்றும் ஃபார்மிக் ஆசிட் பட்ட கையால் மூடியைத் திறந்தால் அங்கே பச்சை பிடிக்கும். கொளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்றும் இதே வேலையைச் செய்யும். பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, காய்ந்தபின் பேட்டரியைப் போடுங்கள். பின்னை நெம்பி உயர்த்தப் போய் முறித்தவர்கள் ஏராளம்.

சிம் புதிதாக வாங்கினால் மூன்று அளவில் வெட்டுக்குறி போட்ட அட்டையைப் பெரிய அளவிலேயே எடுங்கள். நானோவாகப் பிரித்துவிட்டால் அடாப்டர் தேவைப்படும். சிம் இல்லாத வெறும் அடாப்டரை மட்டும் உள்ளே தள்ளாதீர்கள், உள்ளே உள்ள ஸ்பிரிங் பின் அதில் மாட்டிக்கொண்டால் ஸ்லாட்டே போகும். போனில் 50 பெயர்தான் பதியும், சிம்மில் 250 வரை பதியலாம்; சிம்மிலேயே வையுங்கள். போன் போனாலும் நம்பர் மிஞ்சும்.

பணம் அனுப்ப *99# என்று டயல் செய்யும் வசதி உண்டு, இன்டர்நெட் வேண்டாம். பேங்கில் பதிந்த நம்பர் இதே போனில் இருக்கவேண்டும். முதல் தடவை டெபிட் கார்டின் கடைசி 6 இலக்கமும் காலாவதித் தேதியும் கேட்கும். ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை. பட்டனை மெதுவாக அழுத்தினால் இணைப்பு பாதியில் அறுந்துவிடும், அதனால் எண்களைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

கடலுக்குப் போகிறவர்கள் யாராவது இதைக் கேட்டு வாங்க நினைத்தால்: 2ஜி டவர் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் சுமார் 35 கிலோமீட்டருக்கு மேல் வழக்கமாக எட்டாது. கரையில் பேச இது போதும். கடலுக்குள் பக்கத்துப் படகுகளிடம் உதவி கேட்க விஎச்எஃப் செட் (படகில் வைக்கும் ரேடியோ) வேண்டும்.

அப்பாவுக்கு வாட்ஸ்அப் தேவையில்லை என்றால் நல்ல பேட்டரி ஒன்று போட்டு ஓட்டுங்கள். தோட்டத்தில் 2ஜி சிக்னலே இல்லை என்ற நிலை வந்தால் வோல்டி (4ஜி-யிலேயே கால் பேசும் வசதி) உள்ள 4ஜி கீபேட் போன் வாங்கலாம். அப்போதும் கடையில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எந்த சிம் போட்டாலும் எடுக்குமா? ஜியோபோன் ஜியோ சிம்மில் மட்டுமே ஓடும்.