ஏல அறிவிப்பு வருவதற்குள்

கேள்வி: கோத்தகிரி பக்கம் வீட்டையும் அதை ஒட்டிய 80 சென்ட் தேயிலையையும் அடமானம் வைத்து வங்கியில் கடன் வாங்கினேன். இலை விலை விழுந்து தவணை நின்றுபோனது. 60 நாள் நோட்டீஸ் வந்து மூன்று வாரம் ஆகிறது. மேனேஜர் மரியாதையில்லாமல் பேசுகிறார். அரசு தள்ளுபடி வருமா? தோட்டத்தைத் தம்பி பெயருக்கு மாற்றிவிடலாமா? ஓடிஎஸ் (பாக்கியைக் குறைத்துக் கட்டி முடிக்கும் ஒரே தடவைத் தீர்வு) தருகிறோம் என்கிறார்கள், ஒத்துக்கொள்ளலாமா?

பதில்: இலை விலையும் மேனேஜர் பேச்சும் வழக்குக்கு உதவாது. 2021-ல் தமிழக அரசு தள்ளுபடி செய்தது கூட்டுறவுப் பயிர்க்கடனை. உங்களுடையது வங்கியில் வைத்த வீட்டு அடமானம். அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

உங்களுக்கு முக்கியம் ஏல அறிவிப்பு வெளியாகும் தேதி. கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை வங்கி விற்க வழிசெய்வது சர்ஃபாசி சட்டம். அதன் 13(8) பிரிவின் 2016 திருத்தப்படி, ஏல அறிவிப்பு வெளியாகும் முன் முழு பாக்கியையும் செலவையும் கட்டினால்தான் சொத்தை மீட்க முடியும். பிறகு பணத்தோடு போனாலும் பயனில்லை; 2023-ல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்துவிட்டது.

தம்பி பெயருக்கு மாற்றவே கூடாது. நோட்டீஸ் வந்தபின் வங்கியின் எழுத்துச் சம்மதமில்லாத மாற்றத்தை 13(13) தடுக்கிறது. மீறினால் 29-ம் பிரிவில் ஓராண்டு வரை சிறை. தேயிலை விவசாய நிலம், அதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்ற 31(i) விலக்கு உண்டு என்று வாதிடலாம். ஆனால் அடமானம் வைத்த காலத்தில் இலை பறித்ததை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். சிட்டா மட்டும் போதாது, ஃபேக்டரி இலை ரசீதுகளைத் தேடி எடுங்கள். வீட்டுக்கு அந்த விலக்கு கிடையாது.

என்னிடம் வழக்குக்கு வரும் கட்சிக்காரர்கள் அதிகம் விழுகிற குழி ஓடிஎஸ்தான். வட்டி குறைந்த சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டு, கைப்பணத்தை முன்பணமாகக் கட்டிவிடுகிறார்கள். மீதியை நிலம் விற்றுக் கட்டலாம் என்பது கணக்கு. மலையில் அது அவ்வளவு வேகமாக நடக்காது. மூலப்பத்திரம் வங்கியில் இருக்கும், வில்லங்கத்தில் அடமானம் தெரியும், வீட்டுக்கு ஹாக்கா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) அனுமதி இல்லையென்றால் வாங்குபவருக்குக் கடன் கிடைக்காது. கெடு தாண்டினால் ஓடிஎஸ் ரத்து; கட்டியது பழைய பாக்கியில் கழியும், குறைத்த வட்டி திரும்ப ஏறும். போதாததற்கு, பாக்கியை ஒப்புக்கொண்ட கடிதம் உங்கள் கையெழுத்தோடு வங்கியில் இருக்கும். ஓடிஎஸ்ஸை உரிமையாகக் கேட்க முடியாது என்று 2021-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. கெடு நீட்டிப்பை எதிர்பார்த்துக் கோர்ட் படியேறாதீர்கள்.

அதனால் வாங்குபவரை முதலில் பிடியுங்கள். அவர் பணத்தை நேராகக் கடன் கணக்கில் கட்டுவார், பதிவன்றே வங்கி மூலப்பத்திரத்தைக் கொடுக்கும், விற்பனைக்கு வங்கி சம்மதிக்கிறது: மூன்றும் ஓடிஎஸ் கடிதத்திலேயே இருக்கட்டும். அதற்கிடையில் 60 நாளுக்குள் 13(3A) ஆட்சேபணையைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வங்கி 15 நாளில் பதில் தர வேண்டும். சொத்தை எடுத்துக்கொண்டதாகச் சுவாதீன நோட்டீஸ் ஒட்டினால் 45 நாளுக்குள் கோவை கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனுப் போடுங்கள். உள்ளூர் சிவில் கோர்ட்டில் தடை வாங்கித் தருகிறேன் என்பவரிடம் சிவில் கோர்ட்டுக்கு இதில் அதிகாரமில்லை என்னும் 34-ம் பிரிவைப் படித்தாரா என்று கேளுங்கள்.

என்னைக் கேட்டால், வங்கி சம்மதத்தோடு தேயிலையை விற்று வீட்டை மீட்டுக்கொள்ளுங்கள். முடித்தபின் அடமான ரத்து ரசீதைச் சார்பதிவாளரிடம் பதிய மறக்காதீர்கள். ஓடிஎஸ்ஸில் முடித்தால் சிபிலில் (கடன் வரலாற்றுப் பதிவில்) ‘செட்டில்டு’, அதாவது முழுதும் கட்டாமல் முடித்தது என்றுதான் விழும். அடுத்த கடன் கேட்கும்போது அது இடிக்கும்.