செட்டிநாட்டு வீட்டு ஹோட்டலில் ஓர் இரவுக்கு ஒன்பதாயிரம் ரூபாய் கொடுப்பது தகுமா?

கேட்டவர் எழுதியிருப்பது இவ்வளவுதான்: காரைக்குடிப் பக்கம் பழைய செட்டியார் வீடு ஒன்றை ஹோட்டலாக்கியிருக்கிறார்கள், ஓர் இரவுக்கு ஒன்பதாயிரம் கேட்கிறார்கள், உள்ளே அப்படி என்ன இருக்கிறது, கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஒரு வரியில் முடித்துக்கொள்ளத்தான் நினைத்தேன். ஆனால் எனக்கு முன்னால் பதில் எழுதிய ஒருவர், அறை இருட்டு, ஜன்னல் சிறியது, கட்டிலைப் போட்டால் நடக்க இடமில்லை, இதற்கு மதுரையில் ஒரு நட்சத்திர ஹோட்டலே மேல் என்று தீர்ப்பு எழுதியிருக்கிறார். அதற்கு ஏகப்பட்ட பேர் ஆமாம் போட்டிருக்கிறார்கள். சும்மா இருக்க முடியவில்லை.

ஐயா, அந்த அறையில் பகல் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும் என்று யாரும் அதைக் கட்டவில்லை. வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றி வரிசையாக இருக்கும் அறைகள் புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒரு குடும்பத்துக்கு, இவ்வளவு என்று ஒதுக்கப்பட்டவை. மகனுக்குக் கல்யாணமானால் அவன் தனிப் புள்ளி. அவனுக்கு உள்வீடு, வெளிவீடு என்று ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு அறை. உள்ளே இருப்பதில் பெண் கொண்டுவந்த சாமான் அடுக்கியிருக்கும்: வெள்ளி, பித்தளை, பீங்கான், டிரங்குப் பெட்டி. இரும்புப் பெட்டிக்கு யாராவது ஜன்னல் வைப்பார்களா? ஆண்கள் முகப்பிலும் திண்ணையிலும் படுத்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் வளவைச் சுற்றிய தாழ்வாரத்தில் பாய் விரித்தார்கள். மொத்த வீடும் வெளியே இருக்க, அறைக்குள் நுழைந்து குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு கைப்பேசியைப் பார்த்தவருக்கு இருட்டுத்தான் தெரியும்.

நீங்கள் சென்னையிலிருந்து சனிக்கிழமை கிளம்பி ஞாயிறு திரும்புகிறவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பல்லவன் ரயிலில் வருவதாக இருந்தால் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் காரைக்குடி சேரும். சாப்பிட்டுப் படுத்து, காலையில் இட்லி தின்றுவிட்டுப் பதினோரு மணிக்கு அறையைக் காலி செய்வதற்கு ஒன்பதாயிரம் என்றால் அது வீண். பகலில் போய்ச் சேருங்கள்.

என் கதைக்கு வருகிறேன். நானும் அப்படி ஒரு ஹோட்டலில் காசு கொடுத்துத் தங்கியவள்தான். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் விளம்பரம் என்பீர்கள், குறை சொன்னால் பொறாமை என்பீர்கள். என் கணவர் வீட்டில் முன்னோருக்குப் போடும் படைப்புக்காகக் கோயம்புத்தூரிலிருந்து போயிருந்தோம். அதே வட்டாரத்தில் எங்களுக்குப் பங்குள்ள வீடு ஒன்று இருக்கிறது. தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீடு. சொந்த வீடு இருக்க ஹோட்டலா என்று கேட்கப் போகிறவர்களுக்கு: அங்கே கழிவறை மூன்றாம் கட்டுக்கும், அதாவது வீட்டின் மூன்றாவது பகுதிக்கும், அப்பால், கிணற்றடியில், குந்தி உட்காரும் வகை. என் முழங்காலைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

ஹோட்டலின் முகப்பில் நுழைந்ததும் எனக்கு முதலில் வந்தது ஆத்திரம். எவ்வளவு நன்றாக வைத்திருக்கிறார்கள்! பர்மாத் தேக்குத் தூண்கள் எண்ணெய் போட்டு மினுங்கின. வாசல் நிலைக்கு மேலே கஜலட்சுமி, அதன் இரு பக்கமும் கிளியும் கொடியும், தூசி இல்லாமல் ஒவ்வொரு இழைப்பும் தெரிந்தது. சுவரில் பெல்ஜியம் கண்ணாடி முன்பக்கம் சாய்ந்தபடி தொங்கியது. தரையில் இத்தாலியச் சலவைக்கல். உள்ளே வளவுக்குப் போனால் ஆத்தங்குடி ஊரில் செய்யும் பூ வேலைத் தரைக்கல். இந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. கண்ணாடிப் பலகையின்மேல் அச்சை வைத்து, சிமெண்டும் மணலும் நிறப்பொடியும் கரைத்த குழம்பைக் கையால் ஊற்றி, மேலே உலர்ந்த கலவையைத் தூவி, அதற்குமேல் சிமெண்டு பூசித் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். வெயிலில் காய்ந்ததும் கண்ணாடி தானாக விட்டுவிடும். அந்த வழுவழுப்பு கண்ணாடி கொடுத்தது. கால் படப்பட மெருகேறும். ஆசிட் ஊற்றிக் கழுவினால் செத்துப்போகும். இவர்கள் ஆசிட் ஊற்றவில்லை. அதற்கே நான் பாதிப் பணம் கொடுப்பேன்.

சுற்றிக் காட்டுவதற்கு ஒரு தம்பி வந்தார். நல்ல பிள்ளை. ஆனால் சுவரைத் தட்டி, "இந்த வீட்டுக்கு லட்சக்கணக்கில் முட்டை உடைத்தார்கள்" என்று தொடங்கினார். எந்த ஊர் வீட்டுக்குப் போனாலும் இந்த முட்டைக் கணக்கு ஏறிக்கொண்டே போகிறது. சுண்ணாம்பை அடுக்கடுக்காகப் பூசுவார்கள் தம்பி, கடுக்காய் ஊறிய தண்ணீர் விட்டு அரைப்பார்கள், வெள்ளைக்கரு சேர்வது மேல் பூச்சில்தான், அதைக் கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள், அடியில் இருக்கும் கனத்துக்கு முட்டை எதற்கு என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஆச்சி, விருந்தாளிகளுக்கு முட்டைதான் பிடிக்கிறது" என்றார். அந்த நேர்மைக்காக மேற்கொண்டு திருத்தவில்லை.

குறையும் இருந்தது. கல் அம்மியில் செம்பருத்தி வைத்து வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். பித்தளைக் கரண்டிகளைச் சுவரில் விசிறியாக ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். பிள்ளைத் தொட்டிலில் மெத்தைத் தலையணை. இந்தச் சாமானில் பாதி அந்த வீட்டுடையது இல்லை என்று பார்த்தவுடன் தெரிந்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழஞ்சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன; இடித்த வீட்டுக் கதவும் தூணும் எனாமல் தட்டும் அங்கேதான் வந்து சேரும். யார் வீட்டு ஆயாவின் கரண்டியோ!

சாயங்காலம் வளவுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன், கண்டாங்கிச் சேலையில். ஓர் இளம் தம்பதி வந்தார்கள். அந்தப் பெண் என்னிடம் மிகவும் மரியாதையாக, "பாட்டி, நீங்கள் தினமும் எத்தனை மணி வரை இங்கே இருப்பீர்கள்?" என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. பிறகுதான் விளங்கியது, அம்மியைப் போல என்னையும் ஹோட்டல்காரர்கள் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறாள். "நான் ஏழாம் நம்பர் அறை, நாளை காலை கிளம்பிவிடுவேன்" என்றேன். பாவம், முகம் சிவந்துவிட்டது. படம் எடுக்க வேண்டுமென்றால் எடுத்துக்கொள் என்று சொல்லி உட்காரவைத்து, மழைத் தண்ணீர் நான்கு பக்கக் கூரையிலிருந்தும் வளவில் விழுவது எப்படி இருக்கும் என்று ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன். அவள் கணவர்தான் இரண்டு தடவை கொட்டாவி விட்டார்.

சாதிப் பெருமை பேசுகிறாள், வட்டிக் காசில் கட்டிய வீடுதானே என்று யாராவது எழுதுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஆமாம், கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வட்டித் தொழில் செய்ய, போன காசுதான். 1930களின் பொருளாதார மந்தத்தில் பர்மா விவசாயிகள் கடனைத் திருப்ப முடியாமல் போக, கீழ் பர்மா நெல் நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செட்டியார்கள் கைக்கு வந்தது. அங்கே அது யாருக்கும் இனித்திருக்காது. 1942-இல் ஜப்பான்காரன் வந்ததும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். நிலம் போயிற்று, வருமானம் நின்றது, வீடு மட்டும் நின்றது. எங்கள் அப்பத்தா கடைசிவரை ரங்கூன் பத்திரங்களை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். இத்தனை பெரிய வீடுகள் பூட்டிக் கிடப்பதற்குக் காரணம் அதுதான். எங்கள் திமிர் இல்லை.

இன்னொரு காரணம் பங்காளிகள். இதைச் சொல்ல இது இடமில்லை என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் இப்போது பதினாறு புள்ளி. இரண்டாம் கட்டுக் கூரையில் ஓடு சரிந்து மழை நேராகச் சுவரில் இறங்குகிறது. ஆளுக்கு நாற்பதாயிரம் போட்டால் வேலை முடிந்துவிடும். வாட்ஸ்அப் குழுவில் கேட்டு எத்தனையோ மாதம் ஆகிறது. சிங்கப்பூரில் இருக்கும் ஒருவர் தினமும் காலையில் முருகன் படம் அனுப்புவார். ஓடு சரிந்ததைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார். விற்கலாம் என்றால் பதினாறு கையெழுத்து வேண்டும், பழுது பார்க்கலாம் என்றாலும் பதினாறு சம்மதம் வேண்டும். அதே மனிதர் போன தை மாதம் இந்த ஹோட்டலில் குடும்பத்தோடு தங்கி, தூணைக் கட்டிக்கொண்டு நின்று, "எங்கள் பாரம்பரியம்" என்று படம் போட்டார். செட்டிநாட்டு ஊர்கள் 2014-இலேயே யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறிவிட்டன என்று குழுவில் பெருமையாகப் பகிர்ந்தவரும் அவர்தான். யுனெஸ்கோ வந்து ஓடு மாற்றுமா?

சரி, உங்கள் பணத்துக்கு வருவோம். முன்பதிவு செய்யும்போது கீழ்த்தளத்தில், வளவைப் பார்த்த அறையாகக் கேளுங்கள். பின்னால் புதிதாகக் கட்டிய பகுதியில் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அதற்கும் அதே வாடகைதான். பங்குனி, சித்திரையில் போகாதீர்கள். ஐப்பசியில் மழை பிடித்தால் அதிர்ஷ்டம். மதியச் சாப்பாட்டை அறைக்கு வரவழைக்காமல் போஜன் ஹாலில் இலை போட்டுச் சாப்பிடுங்கள். அரிசி கழுவிய தண்ணீரில் செய்யும் வெண்டைக்காய் மண்டி, கறுப்பரிசியில் செய்யும் கவுனி அரிசி இனிப்பு இரண்டும் இல்லாவிட்டால் தயங்காமல் கேளுங்கள். கவுனி அரிசி ஊற நேரம் பிடிக்கும், அதனால் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். வெள்ளைப் பணியாரம் நாலு மணிக் காப்பியோடு கிடைக்கும், சூடாக இருக்கும்போதே தின்றுவிடுங்கள். குளியலறையில் வெந்நீர் வரக் கொஞ்சம் தாமதமாகும். அதற்கு ஒரு நட்சத்திரம் குறைத்துக்கொள்ளுங்கள், நான் சண்டைக்கு வர மாட்டேன்.