‘எனக்கே பிடிக்கவில்லை’ என்று சொல்லிக்கொண்டே ஏன் குடிக்கிறார்கள்?

கேள்வி: என் அண்ணன் தினமும் குடிக்கிறான். ‘எனக்கே பிடிக்கவில்லை’ என்றும் சொல்கிறான். மூளையில் இன்ப மையம் இருப்பதாகப் படித்தேன். இன்பமே இல்லாதபோது அது எப்படிக் காரணமாகும்?

பதில்: நான் மருத்துவர் இல்லை, காரைக்குடியில் மருந்துக்கடை வைத்திருப்பவன். உங்கள் அண்ணன் சொன்ன அதே வாக்கியத்தை என் தாய்மாமா வாயால் பல வருடம் கேட்டேன். கூசாமல் பொய் சொல்கிறார் என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்தோம்.

மாமா ஆத்தங்குடியில் டைல்ஸ் செய்கிறவர். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வண்ணமாகச் சிமென்ட் கரைசலைக் கரண்டியால் ஊற்ற வேண்டும். கை ஆடினால் மஞ்சள் சிவப்புக்குள் வழிந்து, அந்தக் கல் வீண். ஒரு கட்டத்தில் காலையில் கொஞ்சம் குடித்தால்தான் அவர் கை நிற்கும் என்றாகிவிட்டது. அதில் இன்பம் எங்கே இருக்கிறது? நடுக்கம் நிற்கிறது, அவ்வளவுதான்.

‘இன்ப மையம்’ என்ற பெயரே பாதிக் குழப்பம். 1954-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஓல்ட்ஸ், மில்னர் என்ற இருவர் எலிகளின் மூளையில் மெல்லிய கம்பி செருகி, நெம்புகோலை அழுத்தினால் மின்தூண்டல் கிடைக்கும்படி செய்தார்கள். எலிகள் ஓயாமல் அழுத்தின. இன்பத்தில் திளைக்கின்றன என்று உலகம் எழுதியது. ஆனால் ஓயாமல் அழுத்துகிறது என்பதை வைத்து மகிழ்ச்சியாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியுமா?

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். மூளைச் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களில் ஒன்று டோபமைன். அது ஏறக்குறைய முழுவதும் அழிக்கப்பட்ட எலிகள் உணவைத் தேடிப் போகவில்லை. பக்கத்தில் வைத்தாலும் பட்டினி கிடந்தன. ஆனால் நாக்கில் இனிப்பை வைத்தால் வழக்கம்போல் உதட்டை நக்கி ரசித்தன. அதாவது ‘வேண்டும்’ என்று உந்துவது ஒரு பாதை, ‘பிடிக்கிறது’ என்று சுவைப்பது வேறொரு பாதை. டோபமைன் ஓடுவது முதல் பாதையில். குடி அந்த உந்துதலை வருடக்கணக்கில் முறுக்கேற்றுகிறது. சுவையோ ஏறுவதில்லை, தேய்ந்துகூடப் போகிறது. உங்கள் அண்ணன் உண்மைதான் சொல்கிறார்.

அந்த உந்துதல் கிளம்பும் நேரத்தையும் கவனியுங்கள். வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளர் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து டோபமைன் செல்களை அளந்தார். முதலில் சாறு வாயில் விழும்போது அவை துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகியபின், விளக்கு எரிந்தவுடனேயே துடித்தன. சாறு விழும்போது சும்மா இருந்தன. சாறு வராமல் போனால் வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கின. மாமாவுக்கு அந்த விளக்கு சனிக்கிழமை சம்பளம். மேஸ்திரி நோட்டை எண்ணத் தொடங்கும்போதே முகம் மாறும் என்று அத்தை சொல்வார். ஒரு சொட்டுகூட உள்ளே போயிருக்காது.

நாள்பட்ட குடியர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்ததில், டோபமைனை வாங்கிக்கொள்ளும் ஒருவகை ஏற்பிகள் குறைந்திருப்பது தெரிந்தது. குடியைத் தவிர மற்றவற்றில் நாட்டம் மங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். எனக்கு இது புரிந்தது மாமா மகளின் சடங்கு வீட்டில். இலையில் கவுனி அரிசி இனிப்பு வைத்தார்கள். அதற்காகவே கல்யாண வீடு தேடிப் போகிற மனிதர் அவர். தாளைத் தின்பதுபோல் தின்று எழுந்தார்.

நாங்கள் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். ‘நாலு நாள் அடைத்துப் போட்டால் தெளிந்துவிடும்’ என்று யாரோ சொல்ல, இரண்டாம் கட்டு அறையில் வைத்துப் பூட்டினோம். இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வியர்வை, வலிப்பு, பிதற்றல் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்க மாத்திரை கேட்டு என் கடைக்கும் வருகிறார்கள். குடித்தால் உடம்பைப் படுத்தி எடுக்கும் டைசல்ஃபிராம் என்ற மருந்தைத்தான் கேட்கிறார்கள். அதன்மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து சாகவும் கூடும். நான் கொடுப்பதில்லை, திட்டு வாங்கிக்கொள்கிறேன். நால்ட்ரெக்சோன் போன்று வேட்கையைத் தணிக்கும் மருந்துகள் இருக்கின்றன. மனநல மருத்துவர் ஈரல் பரிசோதனை பார்த்து எழுதித் தருவார். எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் போதை மீட்பு உதவி எண் 14446-க்கு அழைக்கலாம், கட்டணம் இல்லை.

வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கப் படைவீரர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து கவனித்தார். ஊர் திரும்பிய முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுதான். இடம் மாறியதும் அதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். இதை நம்பி அண்ணனைத் திருப்பூருக்கு அனுப்பிவிடாதீர்கள், அங்கேயும் கடை இருக்கிறது. அவருடைய ‘விளக்கு’ எது என்று பாருங்கள். மாமாவுக்கு மருந்தோடு சேர்த்து நாங்கள் செய்தது ஒன்றுதான்: சம்பளம் திங்கட்கிழமை அத்தையின் வங்கிக் கணக்குக்குப் போகும்படி பட்டறைக்காரரிடம் பேசினோம்.

நடுவில் இரண்டு முறை சறுக்கினார். இப்போது குடியை விட்டு மூன்று வருடம் ஆகிறது. சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் கடைத்தெரு வழியாக வராமல் கண்மாய்க்கரையைச் சுற்றிக்கொண்டு வருகிறார். ஏன் மாமா என்று கேட்டால், அந்தப் பக்கம்தான் காற்று நன்றாக வருகிறது என்பார்.