ஏற்றுமதிக்கு எந்த மொழி படிக்கலாம்?

கேள்வி: சிறிய ஏற்றுமதி நிறுவனம் நடத்துகிறேன். இதுவரை ஆங்கிலத்திலேயே சமாளித்துவிட்டேன். தொழிலுக்காக இன்னொரு மொழி படிக்க ஆசை. சீனம், ஜெர்மன், ஸ்பானிஷ் மூன்றில் எது உதவும்? எவ்வளவு காலம் பிடிக்கும்?

பதில்: எந்த மொழியை எத்தனை கோடிப் பேர் பேசுகிறார்கள் என்ற பட்டியலை ஓரமாக வையுங்கள். கடந்த இரண்டு வருட இன்வாய்ஸ்களை எடுத்து, பணம் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று பாருங்கள். நாம் சரக்கு வாங்கும் இடத்தில் மொழி பெரிய தடையில்லை. விற்க நினைப்பவர் எப்படியாவது ஆங்கிலத்துக்கு வந்துவிடுவார். நாம் விற்கும் இடத்தில்தான் அவர்கள் மொழி வேண்டும். சீனாவிலிருந்து மூலப்பொருள் வாங்குவதற்காக மட்டும் சீனம் படிப்பது எனக்கு உடன்பாடில்லை. (தரம் பார்க்க அடிக்கடி தொழிற்சாலைக்கே போகிறவர் வேறு கதை.)

அடுத்து, வாங்குபவருக்கு ஆங்கிலம் எவ்வளவு தெரியும்? நெதர்லாந்து, சுவீடன்காரர்களிடம் அவர்கள் மொழியில் ஆரம்பித்தாலும் பேச்சு சீக்கிரமே ஆங்கிலத்துக்கு மாறிவிடும். லத்தீன் அமெரிக்காவில் அப்படியில்லை. மெக்சிகோ, கொலம்பியா, பெரு, சிலி என்று அடுத்தடுத்த சந்தைகளுக்கு ஸ்பானிஷ் ஒன்றே போதும். பிரேசிலுக்கு மட்டும் போர்த்துகீசியம். ஜெர்மனியில் பெரிய நிறுவனங்களோடு ஆங்கிலத்தில் முடித்துவிடலாம். சிறு நகரங்களின் குடும்ப நிறுவனங்களிடம் ஜெர்மன் பேசினால் நெருக்கம் கூடும். உங்கள் சந்தை இன்னும் முடிவாகவில்லை என்றால், என் ஓட்டு ஸ்பானிஷுக்கு.

காலக் கணக்குக்கு, தூதரக அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் அமெரிக்க நிறுவனத்தின் அளவுகோல் உண்டு. தொழில்முறையில் பேச ஸ்பானிஷுக்கு ஏறத்தாழ 600 முதல் 750 வகுப்பு மணிநேரம், ஜெர்மனுக்கு 900 வரை, சீனம், ஜப்பானியம், கொரியம், அரபுக்கு 2,200. ஆனால் இது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கான கணக்கு. ஜப்பானியத்திலும் கொரியத்திலும் தமிழைப்போல வினைச்சொல் கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். வாக்கியம் அமைப்பதில் நமக்குப் பாதி தலைவலி குறைவு. ஜப்பானிய எழுத்துதான் சோதனை: சீனத்திலிருந்து வந்த ‘கான்ஜி’ எழுத்துகளில் அன்றாடப் பயன்பாட்டுக்கானவையே 2,136.

சான்றிதழை மட்டும் துரத்தாதீர்கள். ஜப்பானிய ஜேஎல்பிடி தேர்வில் பேச்சுப் பகுதியே இல்லை. உயர்நிலை தேறியும் தொலைபேசியில் திணறுபவர்கள் உண்டு. ஐரோப்பிய மொழியென்றால் பி1 நிலை (ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலின் ஆறு நிலைகளில் மூன்றாவது) வரை இலக்கு வையுங்கள். விசாரிக்க, சரக்கு தாமதமானால் சமாதானம் சொல்ல, சாப்பாட்டு மேசையில் பேச அது போதும். ஒப்பந்தத்தை மட்டும் அப்போதும் தொழில்முறை மொழிபெயர்ப்பாளரிடமே கொடுங்கள்.