ஜான் கிளென் உடையில் இருந்த பேட்ச் என்று விற்கிறார்கள், நம்பலாமா?

ஃபிரண்ட்ஷிப் 7 என்று எம்பிராய்டரி போட்ட பேட்ச், 1962-இல் அந்தப் பெயர் கொண்ட விண்கலத்தில் பறந்த அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் கிளென் அணிந்த அதே சின்னம் என்று சொல்லி விற்கிறார்கள், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அழகுக்காக வாங்கலாம், அந்தக் கதைக்காக வேண்டாம். கிளென் பறந்த மெர்க்குரி திட்டத்தின் வீரர்கள் பயணச் சின்னம் எதையும் உடையில் தைத்துக்கொள்ளவில்லை. பெயரை விண்கலத்தின் மேல் பெயின்ட்டில் எழுதினார்கள், அவ்வளவுதான். மெர்க்குரி பேட்ச் எல்லாம் பிற்பாடு வந்த நினைவுப்பொருள்.

நாசாவில் இந்த வழக்கம் 1965 ஆகஸ்ட்டில் பறந்த ஜெமினி 5-இல்தான் தொடங்கியது. அதில் பறந்த கூப்பரும் கான்ராடும் கூண்டு வண்டிப் படம் போட்டு, 'எட்டு நாள், இல்லாவிட்டால் அம்போ' என்கிற மாதிரி ஒரு வாசகமும் சேர்த்தார்கள். பயணம் பாதியில் நின்றால் கேலிக்கூத்தாகிவிடும் என்று நாசா தலைவர் ஜேம்ஸ் வெப்புக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் வாசகத்தின் மேல் துணி வைத்து மறைத்துக்கொண்டு பறந்தார்கள்!

அப்பல்லோ பேட்ச் என்றால் இன்னும் கவனம் தேவை. 1967-இல் அப்பல்லோ 1 விண்கலத்தில் நடந்த தீவிபத்துக்குப் பிறகு விண்வெளி உடையில் இருந்தது எம்பிராய்டரி அல்ல, எளிதில் தீப்பிடிக்காத பீட்டா துணியில் அச்சிட்ட சின்னம். அப்புறம், பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். பிளாஸ்டிக் பூச்சு இருந்தால் பெரும்பாலும் பிற்காலத் தயாரிப்பு.