5 சதவீதப் பெட்டி, 18 சதவீதக் காகிதம்: சங்கம் எந்தக் கதவைத் தட்டுவது?

கேள்வி: அட்டைப்பெட்டி செய்யும் சிறு பட்டறைகளின் சங்கம் எங்களுடையது. 2025 செப்டம்பர் 22 முதல் பெட்டிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். நாங்கள் வாங்கும் கிராஃப்ட் காகிதத்துக்கு 18. கைமுதல் முடங்குகிறது. எம்.பி.யிடம் மனு கொடுத்தோம், பட்ஜெட் ஆலோசனைக்கும் எழுதினோம். பதிலே இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: பட்ஜெட்டுக்கு எழுதியதை மறந்துவிடுங்கள். ஆண்டுதோறும் நிதியமைச்சகம் தொழில் அமைப்புகளிடம் யோசனை கேட்பது வருமான வரி, சுங்க வரி போன்றவற்றுக்குத்தான். ஜிஎஸ்டி விகிதத்தை ஜிஎஸ்டி கவுன்சில் பரிந்துரைக்க வேண்டும். அங்கே மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை. மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. வாக்கெடுப்பு என்று வந்தால் நான்கில் மூன்று பங்கு வேண்டும். அதாவது டெல்லி மட்டும் நினைத்தாலும் நடக்காது, டெல்லியை விட்டுவிட்டும் நடக்காது. ஆகவே மாநில வணிகவரித் துறைக்கும், கவுன்சிலில் நம் மாநிலத்துக்காக உட்காரும் அமைச்சருக்கும் மனு போகட்டும். மற்ற மாநிலப் பெட்டிக்காரர்களும் அதே கணக்கோடு அவரவர் மாநிலத்தில் கொடுத்தால் பலன் அதிகம்.

விகிதக் கோரிக்கைகளை முதலில் அலசுவது ஃபிட்மென்ட் கமிட்டி. அதில் இருப்பவர்கள் மத்திய, மாநில வரி அதிகாரிகள். அமைச்சருக்குச் சால்வை போர்த்திய படம் சங்க அலுவலகச் சுவருக்கு நல்லது. அந்த அதிகாரிக்கு வேண்டியது கணக்கு. நீங்கள் அனுப்பிய மனு நகலைப் பார்த்தேன். இரண்டு பக்கத்தில் ‘வாழ்வாதாரம்’ ஐந்து முறை வருகிறது, ரூபாய் ஒருமுறைகூட வரவில்லை.

இப்படி எழுதிப் பாருங்கள். 100 ரூபாய் பெட்டியில் காகிதம் 70 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். காகிதத்துக்குக் கட்டிய வரி 12.60, பெட்டியில் வசூலிப்பது 5. மீதி 7.60 நிற்கிறது. ‘ரீஃபண்ட்தான் உண்டே’ என்பார் அதிகாரி. உண்டு. ஆனால் அது மூலப்பொருளுக்கு மட்டும். வாடகை, ஜாப் ஒர்க் (வெளியே கூலிக்குச் செய்து வாங்கும் வேலை) போன்ற சேவைகளுக்குக் கட்டிய வரி ரீஃபண்டாக வராது. 2021-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்துவிட்டது. எனவே, ரீஃபண்ட் வர எத்தனை நாள் ஆகிறது, வராமலே நிற்பது எவ்வளவு என்ற இரண்டு எண்களும் மனுவில் இருக்க வேண்டும்.

அப்புறம், என்ன கேட்பது? ‘காகிதத்தையும் 5 ஆக்குங்கள்’ என்று கேட்பது எளிது, கிடைப்பது கடினம். அரசுக்கு வருவாய் போகும். சிக்கல் காகித ஆலைக்கு நகரும், அவ்வளவுதான். கோவை வெட் கிரைண்டர் கதை நினைவிருக்கிறதா? 2017 ஜூலையில் 28 சதவீதம், அந்த நவம்பரிலேயே 12, 2019-ல் 5. பிறகு 2022 ஜூலையில், இதே தலைகீழ் வரியை, அதாவது பொருளைவிட மூலப்பொருளுக்கு வரி கூடுதலாக இருப்பதைச் சரிசெய்வதாகச் சொல்லி 18 ஆக்கிவிட்டார்கள்.

என்னைக் கேட்டால், பெட்டிக்கும் காகிதத்துக்கும் ஒரே விகிதம் என்று கேட்பேன், அது 18 ஆனாலும் சரி. கம்பெனிகளுக்கு விற்பவருக்கு இதில் நஷ்டமில்லை. வாங்குபவர் அந்த வரியைக் கிரெடிட்டாக எடுத்து, தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வார். பழ வியாபாரிகளுக்கு விற்பவர் கொதிப்பார், ஏனென்றால் அவருடைய வாடிக்கையாளருக்குக் கிரெடிட் கிடையாது. இந்தச் சண்டையைப் பொதுக்குழுவிலேயே போட்டு முடித்துவிடுங்கள். ஒரே சங்கத்திலிருந்து இரண்டு விதமாக மனு போனால், அதிகாரி இரண்டையும் ஓரமாக வைத்துவிடுவார். பொதுக்குழு 18-க்கு ஒப்பாவிட்டால், சேவை வரிக்கும் ரீஃபண்ட் கேளுங்கள். அதற்குச் சட்டத்தைத் திருத்த வேண்டும், நாளாகும்.

இந்த வாரமே பத்து உறுப்பினர்களிடம் கடைசி மூன்று மாத ஜிஎஸ்டி ரிட்டர்ன் நகலை வாங்குங்கள். பெரியவர், சிறியவர் கலந்திருக்கட்டும். பெயரை மறைத்து ஒரே அட்டவணையாக்கி, காகிதத்தின் ஹெச்எஸ்என் (சரக்குக் குறியீட்டு எண்) 4804, பெட்டியின் 4819 இரண்டையும் தலைப்பில் போட்டு, ஆடிட்டர் கையெழுத்தோடு மனுவின் முதல் பக்கமாக வையுங்கள்.