குழந்தையை யார் தூக்குவது?

கேள்வி: எங்கள் பையனுக்கு 8 மாதம். போன மாதம் கல்யாண நாளன்று மனைவி ஆசைப்பட்டாள் என்று ராத்திரி ரெஸ்டாரண்டுக்குப் போனோம். சாப்பாடு வருகிற நேரம் பார்த்துப் பையன் அழ ஆரம்பித்துவிட்டான். மனைவி தூக்கிக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வந்து உட்கார்ந்ததும் மறுபடி அழுகை, மறுபடி வெளியே. பக்கத்து மேசைக்காரர் முறைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. குழந்தைக்கு 3 வயதாகும்வரை வெளியே சாப்பிடப் போகாமல் இருப்பதுதானே நாகரிகம்? என் மனைவிக்குப் புரிகிற மாதிரி நீங்களே எழுதுங்கள். இன்னொரு சந்தேகம்: பேபி சேர் இல்லாத இடத்தில் குழந்தையை எங்கே உட்கார வைப்பது?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அழுதது பையன். தூக்கிக்கொண்டு போனது மனைவி, இரண்டு முறையும். முறைத்தது பக்கத்து மேசைக்காரர். அவமானப்பட்டது நீங்கள். உங்கள் தட்டு என்ன ஆயிற்று என்பதை மட்டும் எழுதவில்லை. சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டு முடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தப்பென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவிக்கு நான் எதையும் புரியவைக்க வேண்டியதில்லை. 8 மாதமாக இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் சாப்பிடுகிறவர், யாரோ சமைத்து, யாரோ பரிமாறி, யாரோ தட்டைக் கழுவுகிற ஒரு மணி நேரத்துக்கு ஆசைப்பட்டிருக்கிறார். அதை 3 வயதுவரை ஒத்திப்போடச் சொல்கிறீர்கள். இன்னும் 28 மாதம்! உங்களை யாராவது 28 மாதம் வீட்டிலேயே சாப்பிடச் சொன்னால் சும்மா இருப்பீர்களா?

முறைத்தவரை நான் முழுசாகக் குறை சொல்லமாட்டேன். அவரும் காசு கொடுத்துத்தான் சாப்பிட வந்திருக்கிறார். குழந்தை அழுவது யார் குற்றமும் இல்லை. பத்து நிமிடம் அழவிட்டுவிட்டு மெனு கார்டைப் புரட்டிக்கொண்டிருந்தால்தான் குற்றம். அப்படி நடக்காமல் உங்கள் மனைவி பார்த்துக்கொண்டார். அதற்குமேலும் முறைத்தால் அது அவருடைய கழுத்துவலி.

பையன் ஏன் அழுதான் என்று யோசித்தீர்களா? ராத்திரி என்கிறீர்கள். அது அவன் தூங்குகிற நேரமாக இருந்திருக்கும். அரைத்தூக்கத்தில் இருக்கிற பிள்ளைக்குப் பளீரென்ற விளக்கு, தலைக்குமேல் ஸ்பீக்கர், பாத்திரச் சத்தம், தெரியாத முகங்கள். பெரியவர்களுக்கே எரிச்சல் வரும். பகல் தூக்கம் முடிந்து எழுந்து, பாலும் குடித்துச் சிரித்துக்கொண்டிருக்கிற நேரமாகப் பார்த்துக் கிளம்புங்கள். கூட்டம் சேர்வதற்கு முன்னால் போய்விட்டால் சாப்பாடும் சீக்கிரம் வரும், சர்வருக்கும் உங்களைக் கவனிக்க நேரம் இருக்கும். சமையலறைக் கதவுப் பக்கம் வேண்டாம், ஓரமாகக் கேட்டு வாங்குங்கள். சாப்பாடு வரும்போதே பில்லையும் கேட்டு வைத்துவிட்டால், எந்த நிமிடமும் எழுந்து போகலாம். ஒரு மணி நேரத்துக்குமேல் பிள்ளையிடம் பொறுமையை எதிர்பார்க்காதீர்கள்.

அழுகையைவிட எனக்குப் பயம் மேசைமேல் இருக்கிற சாமான்களைப் பார்த்துத்தான். என் மகளுக்கு 9 மாதம் இருக்கும்போது நடந்தது இது. காபியைக் கை எட்டாத தூரத்தில்தான் தள்ளி வைத்திருந்தேன். அவள் காபியைத் தொடவே இல்லை. மேசை விரிப்பின் ஓரத்தை இரண்டு கையாலும் பற்றி, கயிறு இழுக்கிற மாதிரி இழுத்தாள். கோப்பை சாய்ந்து, காபி விரிப்பின் மடிப்பு வழியாக அவள் பக்கம் ஓடி வந்தது. நடுவில் என் கை இருந்ததால் கொப்புளம் எனக்கு. போட்டுக் கால் மணி நேரம் ஆன காபிகூடக் குழந்தையின் தோலைப் பொசுக்கிவிடும். பெரியவர்கள் தோலைவிட அது மெல்லியது. அதனால் உட்கார்ந்ததுமே விரிப்பைச் சுருட்டி வைத்துவிடுங்கள். பிள்ளை மடியில் இருக்கும்வரை சூப், டீ, காபி எதுவும் அந்தப் பக்கம் வேண்டாம். சிலர் கைப்பிடி வைத்த குழந்தைக் கூடையோடு பிள்ளையைத் தூக்கி மேசைமேலேயே வைத்துவிடுகிறார்கள். பார்க்கும்போதே எனக்கு அடிவயிறு கலங்கும். ஒரு உதை போதும், கீழே விழ.

8 மாதத்துக்குத் தாய்ப்பாலோடு திட உணவும் உண்டு என்பதால், உங்கள் தட்டிலிருந்து ஒரு வாய் ஊட்டத் தோன்றும். ஹோட்டல் சமையலில் உப்பு தூக்கலாக இருக்கும். ஒரு வயதுக்குள் பிள்ளைக்கு நாள் முழுவதற்கும் 1 கிராம் உப்பைத் தாண்டக்கூடாது. வீட்டிலிருந்தே எடுத்துப் போவது உத்தமம். தேன் கலந்த எதையும் ஒரு வயது ஆகும்வரை தொடவே விடாதீர்கள். அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்க வைத்துவிடும். முழுத் திராட்சை, முழுக் கடலை இரண்டும் தொண்டையை அடைக்கிற உருவம். பவுடர் பாலென்றால், கலந்து 2 மணி நேரத்துக்குள், வாய் வைத்த 1 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். மிச்சத்தைக் கீழே ஊற்றுங்கள், பாவம் பார்க்காதீர்கள்.

அழுகையை நிறுத்த செல்போனை நீட்டலாமே என்பீர்கள். ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லிவிட்டது. ஒரு ஸ்பூனைக் கொடுங்கள். கீழே போடுவான். எடுத்துத் துடைத்துக் கொடுங்கள், மறுபடி போடுவான். போட்டால் விழுகிறது என்பது அவனுக்கு இப்போதுதான் தெரிந்திருக்கிறது, ஊர்ஜிதம் செய்துகொள்கிறான். கிளம்பும்போது அவன் இறைத்ததில் பெரிய துணுக்குகளையாவது பொறுக்கி மேசைமேல் வைத்துவிட்டு வாருங்கள். கூட்டிப் பெருக்குகிறவருக்கும் இடுப்பு உண்டு.

இவ்வளவும் செய்தாலும் அழுவான். அப்போது ஒருவர் சாப்பிட, ஒருவர் தூக்கிக்கொண்டு வெளியே நிற்க வேண்டியதுதான். மனைவி சொன்ன சாப்பாடு முதலில் வரட்டும், உங்களுடையதைக் கால் மணி நேரம் கழித்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். அவர் கை கழுவிவிட்டு வருகிறவரை வெளியே நிற்பது உங்கள் முறை.

பேபி சேர் இல்லாத இடத்தில் எங்கே உட்கார வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் மடியில்.